கந்தோரில் ஒரு மறைப்பு

பிள்ளையார் துணை

தருமபுரம்,
ஆடி மாதம், 1997.

மதிப்புக்குரிய இராசமலர் அம்மா அவர்களுக்கு,

உங்களுக்கு முன்பின் தெரியாத மீனம்மா கைகூப்பி எழுதிக்கொள்வது. புதுக் கையெழுத்தைப் பார்த்துப் பதறிவிடாதீர்கள். உங்கள் வீட்டு ஐயாவுக்கு ஒன்றுமில்லை. சுகமாக இருக்கிறார். சீனி இல்லாவிட்டாலும் பனங்கட்டியைக் கடித்துக்கொண்டு தேத்தண்ணி குடிக்கிறார். மத்தியானச் சோற்றை மட்டும் பாதியில் மூடிவைத்துவிடுகிறார். அதை நீங்கள்தான் கேட்க வேண்டும். நாங்கள் கேட்டால் ‘காணும்’ என்று ஒரு சொல்லோடு எழும்பிவிடுவார்.

நான் ஐயா பொறுப்பாயிருக்கும் நிவாரணக் கந்தோரில் கூட்டித் துடைத்துத் தேத்தண்ணி போடுகிறவள். ஐயா உங்களுக்கு எழுதும் கடிதங்களைச் சாமான் லொறிக்காரரிடம் கொண்டுபோய்க் கொடுப்பதும் நான்தான். அப்படித்தான் உங்கள் விலாசம் தெரியும். வவுனியாவில் படிப்பிக்கிறீர்கள் என்று லொறிக்காரர் சொன்னார். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். பிழைகளைத் திருத்தி வாசித்துக்கொள்ளுங்கள். கோபம் மட்டும் வேண்டாம். இதை எழுதுவதற்கு எனக்கு வேறு ஆளில்லை. ஆம்பிளைகளுக்குச் சொல்லக்கூடிய விஷயமில்லை.

எங்கள் கந்தோர் முன்பு நெல் அடுக்கிய களஞ்சியம். கிளிநொச்சி ஆமியின் கையில் விழுந்தபிறகு கந்தோரைத் தூக்கிக்கொண்டு வந்து இதற்குள் வைத்தார்கள். நானும் அந்த இடப்பெயர்வில் வட்டக்கச்சியிலிருந்து வயிற்றுப்பிள்ளையோடு வந்தவள்தான். என்னுடைய ஆள் அதற்கு முதலே கூலிவேலைக்கென்று வவுனியாவுக்குப் போனவர். பாதை பூட்டுப்பட்டுவிட்டது. அங்கே முகாமில் இருக்கிறார், திரும்பி வரப் பாஸ் கொடுக்கிறார்கள் இல்லை என்று ஒருவர் வந்து சொன்னார். அதன்பிறகு சேதி இல்லை.

களஞ்சியம் என்றால் ஒரே மண்டபம். நடுவில் ஒரு சுவரும் கிடையாது. அதனால் முன்பு இருந்தவர்கள் ஆளாளுக்குத் தென்னோலைக் கிடுகாலும் உரப்பையாலும் மறைப்புக் கட்டி, அறை அறையாகப் பிரித்து இருந்தார்கள். பெரிய கிளாக்கர் செல்வராசா ஐயாவுக்கு ஒரு அறை. தட்டச்சு அடிக்கும் சிவகரன் தம்பிக்கு ஒன்று. சனத்துக்கு நிவாரண அட்டை எழுதும் அருந்ததிப் பிள்ளைக்கு ஒன்று. கடைசி மூலையில் அடுப்பும் கேத்திலும் இருந்த இடத்துக்கு, வெறும் யூரியாப் பைகளைப் பிரித்துத் தைத்து நானே ஒரு மறைப்புச் செய்தேன். அதற்குள்தான் என் மகன் வளர்ந்தான்.

பெயர் தர்ஷன். முன்பு இருந்த பெரியவர் நல்ல மனுசன். ‘பிள்ளையை ஆரிட்டை விடுவாய், இஞ்சையே கிடக்கட்டும்’ என்று சொல்லிவிட்டார். மேல்வளையில் கயிறு போட்டு ஏணை கட்டினேன். தேத்தண்ணி ஆற்றும்போது காலால் ஏணையை ஆட்டுவேன். அழுதால் மறைப்பை இழுத்துவிட்டுப் பால் கொடுப்பேன். தட்டச்சுச் சத்தம் கேட்டால்தான் நித்திரை கொள்வான், அம்மா. சனி, ஞாயிறில் குடிலில் அவனைத் தூங்கவைக்கப் பெரும்பாடு. தகரப் பேணியில் விரலால் தட்டிக்கொண்டிருப்பேன்.

வைகாசியில் அவனுக்குக் காய்ச்சல் வந்தது. எனக்கும் அதே காய்ச்சல். நான் எழும்பினேன், அவன் எழும்பவில்லை. ஆஸ்பத்திரியில் மருந்தில்லை. ஈரத்துணி போடச் சொன்னார்கள், போட்டேன். இதற்குமேல் எழுத வரவில்லை.

வீட்டில் இருந்தால் பைத்தியம் பிடித்துவிடும் என்று வேலைக்குத் திரும்பி வந்தேன். அப்போதுதான் ஐயாவும் மாற்றலாகி வந்தார்.

அம்மா, ஐயா செய்ததை நான் குறை சொல்லவில்லை. அதை முதலில் எழுதிவிடுகிறேன். வந்த கிழமையே எல்லாரையும் கூப்பிட்டுச் சொன்னார். ‘சனம் வெயிலுக்கை நிக்குது, நாங்கள் அறைக்குள்ளை இருக்கிறம். உள்ளுக்கை என்ன நடக்குதெண்டு அதுகளுக்குத் தெரியாது. ஒளிச்சிருந்து வேலை செய்ய நாங்கள் என்ன கள்ளரே? எல்லாத்தையும் கழட்டுங்கோ. பாக்கட்டும். பாத்தாத்தான் நம்பும்’ என்றார். செல்வராசா ஐயாவுக்கு விருப்பமில்லை. ‘ஐயா கோவிக்கக் கூடாது, ஒரு ஆள் தும்மினால் எல்லாற்றை தேத்தண்ணியிலையும் எல்லோ விழும்’ என்று சொல்லிப் பார்த்தார். ஐயா சிரித்துவிட்டு, ‘தேத்தண்ணியை மூடி வையுங்கோ’ என்றார். அன்றைக்கே கழற்றியாயிற்று.

உண்மையைச் சொன்னால் சனத்துக்கு அது நல்லதாய்ப் போயிற்று. முன்பு அட்டை பதியக் காலையில் வந்தவர்கள் பின்னேரம் வரை நிற்பார்கள். மறைப்புக்குள்ளே செல்வராசா ஐயா பேப்பர் வாசிக்கிறாரா, கண்ணயர்ந்திருக்கிறாரா, யாருக்குத் தெரியும்? இப்போது அவர் கொட்டாவி விட்டாலே வரிசையிலிருந்து ஒரு கிழவர், ‘கிளாக்கர் ஐயா, ராத்திரி நித்திரை இல்லையோ’ என்று கேட்கிறார். வரிசை ஓடுகிறது. தெரிந்தவர், தெரியாதவர் என்ற பேதம் இல்லை. எங்களைப் போல மலைநாட்டிலிருந்து வந்து குடியேறிய சனத்தை முன்பு கடைசியில்தான் கூப்பிடுவார்கள். இப்போது வந்த ஒழுங்குக்குக் கூப்பிடுகிறார்கள். ஐயாவுக்கு அந்தப் புண்ணியம் சேரட்டும்.

என்னுடைய மூலையை மட்டும் முதலில் விட்டுவைத்தார். அடுப்புப் புகை என்று நினைத்தாரோ, பிள்ளை செத்தவள் என்று இரங்கினாரோ தெரியாது. எது என்றாலும் எனக்கு அது பெரிய உதவி. ஏன் என்றால், அம்மா, பிள்ளை போய்விட்டான், பால் போகவில்லை.

இதைத்தான் எழுத முடியாமல் இவ்வளவு நேரம் சுற்றிச் சுற்றி வந்தேன். அட்டைக்கு வரும் வரிசையில் பாதிப்பேர் கைக்குழந்தையோடு நிற்கும் பெண்கள். ஒரு பிள்ளை அழுதால் போதும், எனக்கு மார் நெருநெருவென்று வந்து ஊறிவிடும். அது யாருடைய பிள்ளை என்று உடம்புக்குத் தெரியவில்லை. சட்டை நனைந்து சேலைக்கு வந்துவிடும். பீச்சாமல் விட்டால் கல்லாகக் கட்டிக் காய்ச்சல் வருகிறது. பீச்சினால் இன்னும் ஊறுகிறது. மறைப்பு இருந்தபோது உள்ளே போய்ச் சிரட்டையில் பீச்சி, துணி மாற்றிக்கொண்டு வந்துவிடுவேன். யாருக்கும் தெரியாது.

பக்கத்துக் குடில் தங்கம்மாக்கா யாழ்ப்பாணத்தவ. அவதான் சொன்னா. ‘எடி பிள்ளை, மல்லிகைப்பூவைக் கசக்கி நெஞ்சிலை வைச்சுத் துணியாலை இறுக்கிக் கட்டு. நாளுக்கு நாலுதரம் மாத்து. பால் தன்ரை பாட்டிலை வத்தும்.’ அவவின் கிணற்றடியில் மல்லிகை நிற்கிறது. விடியப் பறித்துப் பூவரசிலையில் சுற்றித் தருவா. வேலைக்குக் கொண்டுவந்து மறைப்புக்குள்ளே மாற்றிக் கட்டுவேன்.

அந்தப் பூதான் எனக்கு வினையாய்ப் போயிற்று.

அறைகள் இருந்தபோது வாசம் அவரவர் அறையோடு நின்றுவிடும். எல்லாம் திறந்தபிறகு, நான் தேத்தண்ணித் தட்டோடு நடந்தால் மண்டபம் முழுக்க மணக்கும். அருந்ததி கலியாணம் ஆகாத பிள்ளை. அவளுக்கு இந்த வைத்தியம் எப்படித் தெரியும்? முதலில் பகிடியாகக் கேட்டாள், ‘மீனம்மாக்கா, தலையிலை பூவைக் காணேல்லை, ஆனா கோயில் மாதிரி மணக்குது’ என்று. நான் தட்டோடு அடுத்த மேசைக்குப் போய்விட்டேன். சொல்லியிருக்க வேண்டும். வாய் வரவில்லை. பிறகு என் காதுபட அவள் சிவகரனுக்குச் சொன்னாள், ‘பிள்ளையைப் புதைச்ச மண் ஈரம் காயேல்லை, புருசன் வவுனியாவிலை. மறைப்புக்குள்ளை போய்ப் போய் ஆருக்கு மணக்க மணக்க நிக்கிறாவோ?’

ஒருநாள் ஐயா சுடுதண்ணி கேட்டு என் மூலைப்பக்கம் வந்தார். நான் அவசரமாக வெளியே வந்தேன். கட்டின துணியிலிருந்து பூ இரண்டு கழன்று சேலை மடிப்பில் கிடந்திருக்கிறது. ஐயா பார்த்தார். முகத்தைத் திருப்பிக்கொண்டார். செல்வராசா ஐயாவிடம் போய், ‘அந்த மூலையையும் திறந்துவிடுங்கோ. எல்லாருக்கும் ஒரு சட்டம்’ என்று சொன்னது மட்டும் கேட்டது.

நான் தைத்த மறைப்பை நானே அவிழ்த்துச் சுருட்டிக் கொடுத்தேன். மழை பெய்தால் அரிசி மூட்டைக்குப் போடலாம் என்று கொண்டுபோனார்கள். ஏணைக் கயிறு வளையில் தொங்கிக்கொண்டிருந்தது. அதை அவிழ்க்க எனக்குக் கை வரவில்லை. அடுத்தநாள் வந்து பார்த்தால், பருப்பு நிறுக்கும் தராசைச் சிவகரன் அதில் கொளுவியிருக்கிறான். அந்தப் பிள்ளையைக் குறை சொல்ல முடியாது. அவனுக்கு அது கயிறு. ஆனால் தராசு ஆடுகிறது, அம்மா. நான் தேத்தண்ணி ஆற்றும் நேரமெல்லாம் எனக்கு முன்னால் நின்று ஆடுகிறது.

இப்போது எனக்குப் போக ஒரு இடமில்லை. கந்தோருக்குப் பின்னால் பற்றை முழுக்கச் சனம். கக்கூசுக்கு முன்னால் எப்போதும் வரிசை. குடிலுக்குப் போய்வரத் தூரம். கடைசியில் கிபிர் விமானக் குண்டுக்கு ஒளிக்க வெட்டிய பங்கருக்குள் இறங்கிப் பார்த்தேன். இருட்டு. பாம்பு இருக்கும் என்ற பயம். அதையும் சகித்துக்கொண்டேன். முந்தாநாள் நான் உள்ளே இருக்கும்போது சிவகரன் பீடி குடிக்க இறங்கிவிட்டான். நான் சேலையை இழுத்து மூடிக்கொண்டு அவனை இடித்துக்கொண்டு ஏறி ஓடிவந்தேன். அவன் பின்னால் ஏறி வந்தான். மண்டபம் திறந்துகிடக்கிறதே, எல்லாரும் பார்த்தார்கள். பூ வாசத்தோடு ஒருத்தி, பின்னால் ஒரு இளந்தாரி. இதற்குமேல் என்ன வேண்டும்?

நேற்று செல்வராசா ஐயா கூப்பிட்டுச் சொன்னார், ‘மீனம்மா, உம்மைப் பற்றிக் கதை வருகுது. ஐயா ஒண்டும் சொல்லேல்லை, நான் சொல்லுறன். வாற மாசத்துக்கு வேறை ஆளைப் பாக்க வேண்டி வரும்போலை கிடக்கு.’ சிவகரன் தம்பி பாவம், எனக்காக, ‘ஒண்டும் நடக்கேல்லை ஐயா’ என்று சத்தியம் பண்ணினான். அது இன்னும் மோசமாய்ப் போயிற்று.

வேலை போனால் கஞ்சிக்கு வழியில்லை. அதைவிட, பெயர் கெட்டு வேலை போனால், என்னுடைய ஆள் திரும்பி வரும்போது முதல் கேட்கும் செய்தி அதுவாக இருக்கும். பிள்ளை இல்லை என்பதையும் அவருக்கு நான் இன்னும் சொல்லவில்லை. இரண்டையும் சேர்த்து எப்படிச் சொல்வேன்?

ஐயாவின் மேசைக் கண்ணாடிக்குக் கீழே உங்கள் படம் இருக்கிறது. துடைக்கும்போது பார்ப்பேன். நீங்களும் ஐயாவும் மட்டும் நிற்கிறீர்கள். பிள்ளைகள் இருக்கிறார்களோ எனக்குத் தெரியாது. இல்லாவிட்டால் இதை எழுதியதற்கு மன்னித்துக்கொள்ளுங்கள். ஆனாலும் நீங்கள் பெண். ஐயாவுக்கு எப்படிச் சொல்ல வேண்டும் என்று உங்களுக்குத் தெரியும். என் பெயரைச் சொல்ல வேண்டாம், அம்மா. பால் என்ற சொல்லும் வேண்டாம். அவருக்கு முன்னால் பிறகு நான் தட்டோடு நடக்க வேண்டாமா? மறுபடி எல்லாருக்கும் அறை கட்டச் சொல்லவில்லை. அது சனத்துக்குக் கூடாது. ஒரு பெண்பிறவி உள்ளே நின்று திரும்பக்கூடிய அகலத்தில் ஒரேயொரு மறைப்பு. அது போதும்.

உங்கள் காலைத் தொட்டுக் கேட்கிறேன். கைவிட்டுவிடாதீர்கள்.

இப்படிக்கு,
தாழ்மையுள்ள,
மீனம்மா

---

பிள்ளையார் துணை

தருமபுரம்,
ஆவணி மாதம், 1997.

என் தாய்போன்ற இராசமலர் அம்மா அவர்களுக்கு,

நீங்கள் லொறிக்காரரிடம் கொடுத்துவிட்ட துண்டுக் கடிதமும் இரண்டு பருத்திச் சட்டைத் துணியும் கிடைத்தன. துண்டைப் பல தரம் வாசித்தேன். ‘எனக்கும் ஒருக்கால் தங்கச்சி பூக் கட்டிவிட்டவ. இவர் அப்ப மன்னாரிலை வேலை. வந்தபிறகும் நான் பூவைப் பற்றிச் சொல்லேல்லை’ என்று எழுதியிருந்தீர்கள். அவ்வளவுதான் எழுதினீர்கள். எனக்கு விளங்கியது, அம்மா. உங்கள் படத்தை இப்போது துடைக்கும்போது கை மெதுவாகப் போகிறது.

ஐயாவும் சுகம். உங்கள் கடிதத்துக்குப் பிறகு சோற்றை முழுக்கச் சாப்பிடுகிறார். சாப்பிட்டுவிட்டு என்னைப் பார்த்து, ‘சோத்துக் கோப்பை வெறுமை எண்டு வவுனியாவுக்கு எழுதிப்போடுங்கோ’ என்றார். எனக்கு உயிர் போய்விட்டது. பகிடிக்குத்தான் சொன்னார். ஒன்றும் அறியவில்லை. வேறு ஆள் பார்க்கும் கதையையும் செல்வராசா ஐயா அதன்பிறகு எடுக்கவில்லை.

நீங்கள் என்னைக் காட்டிக்கொடுக்காமல், ‘கைக்குழந்தையோடை வாற பொம்பிளையள் எல்லாருக்கும் முன்னாலை எப்பிடிப் பால் குடுப்பினம், ஒரு மறைப்பு வையுங்கோ’ என்று எழுதியிருக்கிறீர்கள். ஐயா அந்த வரியைச் செல்வராசா ஐயாவுக்கு வாசித்துக் காட்டியபோது நானும் கேட்டேன். எவ்வளவு யோசித்து எழுதியிருக்கிறீர்கள் என்று நினைத்து எனக்குக் கண் நிறைந்துவிட்டது. ஐயா வெட்கப்பட்டுப் போனார். ‘எனக்கு இது மண்டையிலை ஓடேல்லையே’ என்று தன் தலையில் தானே தட்டிக்கொண்டார். அன்றைக்கே அரிசி மூட்டைமேல் கிடந்த என் மறைப்பை எடுப்பித்து, தானே கதிரையில் ஏறி நின்று ஆணி அடித்தார். அதே மூலை. அடுப்பைத் தள்ளி வைத்தார்கள். தராசையும் கழற்றி வாசலுக்குக் கொண்டுபோனார்கள். உள்ளே தாய்மார் இருக்க ஒரு நீட்டு வாங்கு போட்டு, மட்டையில், ‘கைக்குழந்தைத் தாய்மாருக்கு மட்டும்’ என்று எழுதி அருந்ததி தொங்கவிட்டாள்.

பிறகு ஐயா என்னிடம் வந்தார். நிலத்தைப் பார்த்துக்கொண்டு, ‘மீனம்மா, அதுக்குள்ளை கூட்டித் துப்புரவா வைச்சிருக்க வேணும். உங்களுக்கு ஏலாதெண்டால் சொல்லுங்கோ, அருந்ததியைப் பாக்கச் சொல்லுறன்’ என்றார். ஏலும் என்று சொன்னேன். வேறு என்ன சொல்வேன்?

மறைப்பு வந்துவிட்டது, அம்மா. ஆனால் எனக்கு வரவில்லை. நீங்கள் ஒரு பிழையும் செய்யவில்லை. நான் கேட்டபடிதான் செய்தீர்கள். என் பெயரைச் சொல்ல வேண்டாம் என்று நான்தானே எழுதினேன். இப்போது அதற்குள்ளே எந்த நேரமும் இரண்டு தாய்மாராவது பிள்ளைகளோடு இருக்கிறார்கள். விளக்குமாற்றோடு உள்ளே போவேன். போனவுடன் பால்வாசத்துக்குப் பிள்ளைகள் என் பக்கம் தலையைத் திருப்புகின்றன. தாயின் மடியில் இருந்துகொண்டே திருப்புகின்றன. தாய்மார் முந்தானையை இழுத்துப் பிள்ளையின் முகத்தை மூடுவார்கள். இங்கே எல்லாருக்கும் என் கதை தெரியும். பிள்ளையைப் பறிகொடுத்தவளின் கண் பச்சைப்பிள்ளையில் படக்கூடாது என்பார்கள். நான் அவர்களோடு கோபிக்கவில்லை. தர்ஷன் இருந்தபோது ஒருத்தி அப்படி வந்து நின்றிருந்தால் நானும் மூடியிருப்பேன்.

அதனால் இப்போது வேலை முடிந்து எல்லாரும் போனபிறகுதான் உள்ளே போகிறேன். அதுவரை உங்கள் சட்டைத் துணியை மடித்து வைத்துக்கொண்டு சமாளிக்கிறேன். சிரட்டையில் பீச்சியதை என்ன செய்வது என்பதுதான் தெரியவில்லை. தோட்டத்திலிருந்து வந்த எங்கள் அம்மா சொல்லுவாங்க, ‘தாய்ப்பால தரையில விடாத, எறும்பு தின்னா வத்திப்போகும், ஓடுற தண்ணியில விடு’ என்று. அவன் இருந்தபோது ஒரு சொட்டுக்கூடத் தரையில் விடமாட்டேன், வாய்க்காலில்தான் ஊற்றுவேன். இப்போது வற்றத்தானே வேண்டும் என்று சிரட்டையை எறும்புப் புற்றடிக்குக் கொண்டுபோனேன். குந்திக்கொண்டு கனநேரம் இருந்தேன். எறும்பு வரிசையாகப் போகிறது. கை சரியவில்லை, அம்மா. எழும்பி வாய்க்காலுக்கே போனேன்.

உங்களிடம் கேட்க வந்தது வேறு.

நிரோஜா என்று ஒரு பிள்ளை. வட்டக்கச்சிதான். புருசன் இல்லை, செத்துவிட்டான். மடியில் ஒரு பெண்குழந்தை. மாமியார் இராசேஸ்வரியோடு அட்டைக்கு வருகிறாள். காய்ச்சலும் பட்டினியுமாய் அவளுக்குப் பால் அற்றுப்போயிற்று. பால்மாப் பேணி கண்ணிலும் காணக் கிடையாது. சோற்றுக்கஞ்சியை வடித்துப் பருக்குகிறார்கள். அந்தக் குழந்தை மற்றக் குழந்தைகள் மாதிரி அழுவதில்லை. வாயைத் திறக்கிறது, சத்தம் வருகிறதில்லை. அதுதான் என்னை உலுக்குகிறது. சத்தம் வராவிட்டாலும் எனக்கு ஊறிவிடுகிறது.

கடைசியாக வந்தபோது மாமியார் வரிசையில் நின்றா. நிரோஜா மறைப்புக்குள்ளே தனியே இருந்தாள். நான் வாங்குக்குக் கீழே கூட்டினேன். குழந்தையைப் பார்க்கக்கூடாது என்று நிலத்தைப் பார்த்தே கூட்டினேன். அவள் மெல்ல, ‘அக்கா, உங்கடை சட்டை நனைஞ்சிருக்கு’ என்றாள். நான் முந்தானையால் மூடினேன். அவள் வாங்கில் கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டாள். குழந்தையின் முகத்தைத் தன் பக்கம் இருந்து என் பக்கம் திருப்பி மடியில் வைத்தாள். அவ்வளவுதான். அவள் வாய் திறந்து கேட்டிருந்தால் என்ன செய்திருப்பேனோ தெரியாது. அதற்குள் இராசேஸ்வரி அம்மா மறைப்பை விலக்கிப் பார்த்துவிட்டா. ‘எடியே, பிள்ளையைத் துலைச்சவளுக்குப் பக்கத்திலை இருத்தி வைச்சுக்கொண்டு என்ன கதை? எழும்பு!’ என்று சத்தம் போட்டா. மண்டபம் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. நான் குப்பையை வாரிக்கொண்டு வெளியே வந்துவிட்டேன்.

அருந்ததி அன்றைக்கு என் சட்டையைக் கண்டாள். என் முகத்தையும் கண்டாள். கண்டுவிட்டுத் தலையைக் குனிந்து அட்டை எழுதினாள். பின்னேரம் தன் பையிலிருந்த சால்வையை எடுத்து என் தோளில் போட்டாள். ‘அக்கா, அந்தப் பூ...’ என்று தொடங்கினாள். முடிக்கவில்லை. நான் சால்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டேன்.

அம்மா, என் பால் நல்ல பால்தானா? இதைக் கேட்கத்தான் இவ்வளவும். காய்ச்சலோடு நான் அவனுக்குக் கொடுத்தேன். அவன் கடைசியாகக் குடித்ததும் அதைத்தான். நுளம்பு கடித்து வரும் மலேரியாக் காய்ச்சல், பாலால் ஒன்றும் வராது, என்று மருத்துவிச்சி சொன்னா. அவ நல்லவ, என்னைத் தேற்றச் சொல்லியிருப்பா. தங்கம்மாக்காவைக் கேட்டேன். பதில் சொல்லாமல் பூவை மட்டும் தந்தா. நான் கொடுத்து அந்தக் குழந்தைக்கு ஒன்று நடந்தால் இந்த ஊர் என்னை வைத்திருக்காது. ஐயாவுக்கும் பெயர் கெடும். அவர் கட்டிய மறைப்புக்குள்ளே நடந்தது என்பார்கள். நான் கொடுக்காமல் இருந்து ஒன்று நடந்தால் யாரும் என்னைக் கேட்கமாட்டார்கள். யாரும் கேட்கமாட்டார்கள் என்பதுதான், அம்மா, என்னை நெரிக்கிறது.

இங்கே எல்லாரும் என்னை அறிந்தவர்கள். பயத்தில் ஒன்று சொல்வார்கள், இரக்கத்தில் ஒன்று சொல்வார்கள். உங்களுக்குப் பயமில்லை, படித்த நீங்கள் ஆஸ்பத்திரியில் கேட்டுச் சொல்லலாம். உங்களுக்கு அந்தக் கட்டின துணியின் ஈரமும் தெரியும். கூடாது என்றால் கூடாது என்று எழுதிவிடுங்கள். நான் தாங்குவேன். கூடும் என்றால் அந்த ஒரு சொல் போதும். இராசேஸ்வரி அம்மாவின் காலில் விழுந்தாவது கேட்பேன். ஐயாவுக்கும் இந்தமுறை நீங்களே சொல்லிவிடுங்கள். என் பெயரையும் சொல்லுங்கள். பால் என்றும் சொல்லுங்கள். இனி எனக்கு வெட்கமில்லை.

அடுத்த அட்டைக்கு அவர்கள் வருவதற்கு முதல் லொறி ஒருமுறை வரும். அதில் பதில் போட்டுவிடுங்கள். தாமதிக்க வேண்டாம். பூக் கட்டிக் கட்டி ஒரு பக்கம் பால் குறைந்துவிட்டது. உங்கள் வயிறு குளிர வேண்டும், ஐயாவோடு ஒரு கூரையின்கீழ் நீங்கள் இருக்கும் காலம் வர வேண்டும் என்று நாளும் கும்பிடுகிறேன்.

தங்கம்மாக்கா இன்றைக்கும் விடியப் பூப் பறித்துக்கொண்டு வந்தா. வாங்கிச் சாமிப்படத்துக்கு வைத்துவிட்டேன். உங்கள் பதில் வரும்வரை நான் கட்டமாட்டேன்.

உங்கள் சொல்லுக்குக் காத்திருக்கும்,
மீனம்மா